உருவும் உருமாற்றமும்: விளையாட்டுப் பொருள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

விளையாட்டுப் பொருள்கள் எமது விமர்சனத்துறையின் கவனத்தை அதிகம் ஈர்த்தனவல்ல. கவிதைக்கும் நாவலுக்கும் கூத்துக்கும் வழங்கும் கருத்தூன்றிய நோக்கைப் பொம்மைக்கும் பட்டத்துக்கும் வழங்குவது மிகையெனச் சிலர் கருதக்கூடும். எனினும், ஒரு சமுதாயத்தின் உற்பத்திமுறையும் கற்பனையும் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களுள் குழந்தையின் கையிலுள்ள பொருளும் ஒன்றாகும். அப்பொருளை வளர்ந்தோர் மீளக் கையிலெடுத்து, சிறுவயதில் திரையிற் கண்ட உருவத்துக்கு இசையத் திருத்தியமைக்கும்போது, மூலம் எது, பிரதி எது என்ற பழைய வினா புதியதொரு வடிவில் எழுகின்றது. இவ்வினாவை உருமாறும் இயந்திரப் பொம்மைகளைக் கொண்டும், அவற்றோடு ஒப்புநோக்கத்தக்க வடமராட்சிப் பட்டக்கலையைக் கொண்டும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் பொம்மையின் வரலாற்றை நோக்குவோம். ஜப்பானின் தக்காரா நிறுவனம் 1980இல் 'டயக்ளோன்' என்னும் பொம்மை வரிசையைத் தொடங்கியது. கார்களாக இருந்து மனிதவுருவ இயந்திரங்களாக மாறும் பொம்மைகள் 1982இல் அவ்வரிசையிற் சேர்ந்தன. அந்நிறுவனத்தின் 'மைக்ரோமான்' வரிசையும் அடுத்த ஆண்டில் உருமாறும் பொம்மைகளைப் பெற்றது. இவ்விரண்டிலுமிருந்து தெரிந்தெடுத்தவற்றை அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1984இல் 'ட்ரான்ஸ்போமர்ஸ்' என்னும் பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தது. பாத்திரங்களின் பெயர்களையும் குணவியல்புகளையும் பெரும்பாலும் வகுத்தளித்தோர் மார்வல் சித்திரக்கதை நிறுவனத்தினர். அவ்வாண்டு செப்ரெம்பரிலேயே தொலைக்காட்சிக் கார்ட்டூன் தொடரும் ஆரம்பித்தது. ஆக, பொருள் முந்தியது. கதையும் சித்திரமும் பிந்தின. அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு சிறுவர் நிகழ்ச்சிகளுக்கான விளம்பர வரையறைகளை நீக்கியதும் அதே 1984இலேயாகும். நிகழ்ச்சியே விளம்பரமாகிய ஒரு காலகட்டத்தின் விளைபொருள் இத்தொடர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

பொம்மைக்கும் சித்திரத்துக்கும் இடையிலான வேறுபாடு தற்செயலானதன்று. டயக்ளோன் வரிசையில் இயந்திரத்துக்கு உயிரில்லை. அதனுள் அமர்ந்து செலுத்துவதற்கெனச் சிறிய மனித உருவங்கள் கூடவே வழங்கப்பட்டன. அமெரிக்கக் கதையிலோ இயந்திரமே உயிருள்ள பாத்திரமாயிற்று. இம்மாற்றத்தின் வடுவை அயன்ஹைட், ராட்செட் ஆகிய பாத்திரங்களிலே தெளிவாகக் காணலாம். நிசான் நிறுவனத்தின் சிறு ஊர்தியொன்றின் சாயலில் அமைந்த இப்பொம்மைகளுக்குத் தலையே இல்லை. தலை இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டுநரின் ஆசனமும் முன்கண்ணாடியும் உள்ளன. முகத்தைக் குறிக்க ஓர் ஒட்டுத்தாள் மாத்திரமே உண்டு. முகமின்றிப் பேசவோ சினக்கவோ இயலாதாகையால் கார்ட்டூன் வரைந்தோர் இவற்றுக்குப் புதிதாகத் தலை வரைந்தனர். மேலும், ஒவ்வொரு சட்டகத்தையும் கையால் வரையவேண்டிய நிலையில், பொம்மையிலிருந்த ஒட்டுத்தாள் விவரங்களும் நுண்பகுதிகளும் கைவிடப்பட்டு, உருவம் எளிமையாக்கப்பட்டது. கதையின் தேவையும் வரைதலின் சிக்கனமும் சேர்ந்து படைத்த உருவம் இது.

ஆயினும், குழந்தையின் அனுபவத்தில் வரிசை தலைகீழாகின்றது. திரையில் வீரம் பேசிய உருவமே அதற்கு முதலில் அறிமுகமாயிற்று. கடையில் வாங்கிய பொம்மை அவ்வுருவத்தின் குறைபட்ட பிரதியாகத் தோன்றியது. பண்டத்தை விற்பதற்கெனப் படைக்கப்பட்ட பிம்பமே பண்டத்தின் குற்றங்குறைகளை அளக்கும் அளவுகோலாக மாறிவிடும் விந்தையை இங்கு காண்கிறோம். அக்குழந்தைகள் வளர்ந்து, பழைய பொம்மைகளைத் தேடி வாங்கி, எப்பொக்சிப் பசையாற் புதுத் தலை செதுக்கியும், பிசினில் வார்த்தும், முப்பரிமாண அச்சில் உறுப்புகள் எடுத்தும், ஒட்டுத்தாளை நீக்கி வர்ணம் தீட்டியும் அவற்றைக் கார்ட்டூன் தோற்றத்துக்குக் கொண்டுவருகின்றனர்.

இம்முயற்சியை எவ்வாறு மதிப்பிடுவது? இரண்டு எளிய விடைகள் உள. பிம்பத்துக்கு அடிமைப்பட்ட நுகர்வோனின் ஏக்கமே இது என்பது ஒன்று. ஆலைப்பண்டத்திலிருந்து கைவினையை மீட்டெடுக்கும் உழைப்பு இது என்பது மற்றொன்று. இரண்டும் பகுதி உண்மைகளே. தக்காரா நிறுவனம் 2003இல் 'மாஸ்ரர்பீஸ்' என்னும் உயர்விலை வரிசையைத் தொடங்கி, காலப்போக்கிற் கார்ட்டூன் தோற்றத்தை மிக நெருங்கிய பொம்மைகளைத் தானே விற்கலாயிற்று. கைவினைஞன் ஓய்வுநேரத்திற் செய்ததைச் சந்தை தன்வயமாக்கிக்கொண்டது. எனவே, திருத்தியமைக்கும் செயல் தன்னளவில் எதிர்ப்பாகிவிடாது.

உண்மையான அளவுகோல் வேறிடத்தில் உள்ளதென்பதே எமது கருத்து. இப்பொம்மையின் உயிர்நாடி அதன் உருமாற்றமாகும். அயன்ஹைட்டுக்குத் தலை பொருத்துவது கடினமன்று. ஊர்தியாக மாறும்போது அத்தலை எங்கே செல்லும் என்பதே கடினமான கேள்வி. தலையை நிரந்தரமாக ஒட்டிவிடின் திரையின் உருவம் கிட்டும். ஆனால் பொம்மை சிலையாகிவிடும். கீலொன்றை அமைத்து, தலையை மார்புக்கூட்டினுள் மடக்கி, கண்ணாடியை அதன்மேல் மூடச்செய்பவனோ வரைந்தவர்கள் எதிர்கொள்ளாத சிக்கலொன்றைத் தீர்க்கின்றான். சித்திரத்திலே உறுப்புகள் சுருங்கலாம், மறையலாம். பிளாஸ்ரிக்கில் அவை எங்காவது இருந்தே ஆகவேண்டும். பிம்பம் விடுத்த கோரிக்கைக்குப் பொருளின் இயல்பிலிருந்து விடைகாணும் இவ்விடத்திலேயே கலை பிறக்கின்றது.

இவ்வளவுகோல் எமது மண்ணுக்கு அந்நியமானதன்று. வல்வெட்டித்துறையின் உதயசூரியன் கடற்கரையிலே தைப்பொங்கல் நாளில் நடைபெறும் விசித்திரப் பட்டப் போட்டியை இங்கு எண்ணிப் பார்க்கலாம். கொக்கு, பிராந்து, எட்டுமூலை, பெட்டி முதலிய மரபுவழிப் பட்டங்களோடு தொடங்கிய ஒரு கைத்திறன், விமானம், கப்பல், விலங்கு எனப் பல்வேறு உருவங்களை முப்பரிமாணத்தில் வானேற்றும் நிலைக்கு இன்று வளர்ந்துள்ளது. திரையிலும் படத்திலும் கண்ட உருவங்களும் இவற்றிற் புகுந்துள்ளன. ஆனால், பொம்மைக்கு இல்லாத நடுவர் ஒருவர் பட்டத்துக்கு உண்டு. அவர் காற்று. உருவம் எவ்வளவு அச்சொட்டாக அமைந்தபோதிலும், எடை மிகுந்தால், முச்சை பிழைத்தால், வால் தளர்ந்தால் பட்டம் எழாது. மூங்கிலைச் சீவி நிறுத்துச் சமன்செய்யும் கையும், வடகீழ்ப் பருவக்காற்றின் போக்கை அறிந்த கண்ணும் பிம்பத்தோடு பேரம் பேசுகின்றன. எந்த விவரத்தை விடலாம், எதை விடவியலாது என்பது அப்பேரத்தில் முடிவாகின்றது. வில்லிற் பூட்டிய விண் இரவில் எழுப்பும் ஒலி எந்தப் படத்திலிருந்தும் பெறப்பட்டதன்று. அது பட்டத்துக்கே உரிய பேச்சு.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். மரபுப் பட்டங்களே தூயவை, புதிய உருவங்கள் போட்டிக்கும் பார்வையாளருக்குமான காட்சிப்பொருள்கள் எனச் சிலர் கூறுவர். இக்கூற்று நுணுகி நோக்கின் நிலைபெறாது. கொக்குப் பட்டமும் பிராந்துப் பட்டமும் பறவையைப் பார்த்துச் செய்த பிம்பங்களே. பிம்பத்துக்கு முந்திய தூய மூலம் என ஒன்று மரபிலும் இல்லை. மாறியிருப்பது பிம்பம் வரும் திசை: அன்று வயல்வெளியிலிருந்து வந்தது, இன்று திரையிலிருந்தும் வருகின்றது. கேட்கவேண்டிய கேள்வி அது எங்கிருந்து வந்தது என்பதன்று. வந்தபின் பொருளை இயங்கவிட்டதா என்பதே.

பிம்பத்தின் தூண்டுதல் சிறிதுமின்றித் தேவை ஒன்றினாலேயே பொருள்கள் திருத்தியமைக்கப்பட்ட காலமொன்றையும் குடாநாடு அறியும். மின்சாரம் துண்டிக்கப்பட்டு, எரிபொருளும் மின்கலங்களும் தடுக்கப்பட்டிருந்த 1990களின் முற்பகுதியில், பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் சிறிதளவு பெற்றோலால் முடுக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின; சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்கப்பட்டது. மேலைநாட்டுக் குழந்தைகளுக்குத் திரை பொம்மையைக் காட்டி வளர்த்த தலைமுறையின் காலமும் இப்போர்க்காலமும் பெரிதும் ஒன்றே. அத்திறனை வறுமையின் சாதுரியமெனச் சிறுமைப்படுத்துவதோ, துன்பத்தை மறந்து வியந்து போற்றுவதோ பொருந்தாது. ஒரு பொருளின் உள்ளியல்பை அறிந்து அதனை மாற்றும் அறிவு என்றவகையில், அது கீல் அமைப்பவனின் அறிவுக்கும் பட்டம் கட்டுபவனின் அறிவுக்கும் இனமானது.

இவ்வளவுகோல் கலை விமர்சனத்துக்கும் பொருந்தும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிலே, விடியவிடிய வட்டக்களரியில் ஆடப்பட்ட கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்கு இசைவித்தபோது, மரபு சிதைந்ததா, வளர்ந்ததா என்ற விவாதம் எழுந்தது. புதிய மேடை என்னும் சட்டகம் கூத்துக்கு வெளியிலிருந்து வந்ததே. ஆயின், ஆட்டமும் தாளமும் அச்சட்டகத்தினுள் உயிரோடு இயங்கினவா என்பதைக் கொண்டே அம்முயற்சியை அளத்தல் தகும். உடையும் ஒப்பனையும் மாத்திரம் பேணப்பட்டு ஆட்டம் அருகும் மேடையேற்றங்கள், தலை ஒட்டப்பட்டு உருமாற மறந்த பொம்மையையே ஒத்தவை.

இன்று எமது சிறுவர்களின் கைகளுக்குப் பிம்பங்கள் முற்றுப்பெற்ற நிலையிலேயே வந்து சேர்கின்றன. அவற்றைத் தடுத்தல் இயலாது, தடுக்கவும் வேண்டியதில்லை. கண்டதைக் கையாற் செய்து பார்க்கவும், செய்தது இயங்காதபோது கண்டதைத் திருத்தவும் அவர்களுக்கு இடமும் நேரமும் கருவியும் வாய்க்கவேண்டும். வடமராட்சிக் கடற்கரையிலே எழாத பட்டத்தை இறக்கி முச்சையை மாற்றிக் கட்டும் சிறுவன், பிம்பத்துக்கு எவ்வளவு இடங்கொடுக்கலாம் என்பதைக் காற்றிடமிருந்தே கற்றுக்கொள்கின்றான். அக்கல்வியைப் பாடசாலையிலும் மேடையிலும் பேணுவது எமது பொறுப்பாகும்.