நாய்க்குட்டி தேறியது, டியூலிப் தேறவில்லை

சிறு குழந்தைகளுக்கான ஓரிகாமி புத்தகம் எதைப் புரட்டினாலும் முதல் சில பக்கங்களுக்குள் அதே முகங்கள் வந்துவிடும். நாய், பூனை, டியூலிப் பூ, கோப்பை, தொப்பி, கப்பல், குதிக்கும் தவளை. பக்கத்து மூலையில் ஒரு நட்சத்திரம் போட்டு ‘எளிது’ என்று சான்றிதழும் கொடுத்திருப்பார்கள். அந்த நட்சத்திரத்துக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் மடிப்புகளின் எண்ணிக்கைதான். மூன்று மடிப்பு என்றால் மிக எளிது, பத்து என்றால் கொஞ்சம் கடினம். நாலைந்து வயதுக் குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து மடித்துப் பார்த்தவர்கள் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

டியூலிப்பையே எடுத்துக்கொள்வோம். சதுரத்தை மூலைவிட்டத்தில் மடித்து முக்கோணமாக்க வேண்டும். பிறகு இடது முனையையும் வலது முனையையும் சாய்வாக மேலே தூக்க வேண்டும். மூன்றே மடிப்பு. முதல் மடிப்பில் சிக்கலில்லை, முனை முனையைத் தொட்டால் போதும். அடுத்த இரண்டிலும் முனை எங்கே போய் நிற்க வேண்டும் என்பதற்குத் தாளில் ஓர் அடையாளமும் கிடையாது. பெரியவர்கள் கண்ணளவாக நிறுத்திவிடுவார்கள். குழந்தைக்கு அந்தக் கண்ணளவு இன்னும் வந்திருக்காது. ஓர் இதழ் ஓங்கி நிற்கும், இன்னொன்று படுத்துக்கிடக்கும். டியூலிப்போ இரு பக்கமும் ஒத்துப்போனால்தான் டியூலிப். கோணிப்போனால் அது கசங்கிய முக்கோணம் மட்டுமே. குழந்தைக்கும் அது தெரிந்துவிடுகிறது. ‘நீயே பண்ணு’ என்று தாளை நம் கையில் தள்ளிவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இதற்கு நேரெதிராக, ஜப்பானில் மே 5 குழந்தைகள் தினத்தையொட்டி மடிக்கும் ‘கபுத்தோ’வைப் பாருங்கள். சாமுராய் வீரனின் தலைக்கவசம். விரித்த செய்தித்தாளில் பெரிய சதுரமாக வெட்டிக்கொண்டால் பிள்ளைகள் தலையில் வைத்துக்கொண்டே திரியலாம். மூலைவிட்டத்தில் ஒன்று, இரு முனைகளையும் கீழ்முனைக்குக் கொண்டுவர இரண்டு, அவற்றைத் திரும்ப மேலே தூக்க இரண்டு, கொம்புகளுக்கு இரண்டு, முன்விளிம்புக்கு இரண்டு, பின்பக்கத்தை உள்ளே செருக ஒன்று என்று மொத்தம் பத்து மடிப்பு. நட்சத்திரக் கணக்கில் இது கடினமான உரு. ஆனால் முதல் ஐந்து மடிப்பும் முனை முனையைத் தொடும் வேலைதான். கண்ணளவு முக்கியமாகத் தேவைப்படுவது கொம்புகளில். கொம்பு எந்தக் கோணத்தில் நின்றாலும் கொம்புதான். தாள் பெரிதாக இருப்பதால் அரை சென்டிமீட்டர் பிசகினாலும் தெரியாது. செய்தித்தாள் மெலிது என்பதால் கடைசி மடிப்புகளும் விரலுக்கு அடங்கும். மேசை தேவையில்லை, தரையில் மண்டியிட்டு உடம்பையே சாய்த்து மடிக்கலாம்.

ஆகவே என் அளவுகோல் இதுதான். ஒரு மடிப்புக்குத் தொடுமிடம் இருக்க வேண்டும், அல்லது பிழைக்கு மன்னிப்பு இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத ஒரு மடிப்பு இருந்தாலே அந்த உரு சிறு பிள்ளைக்கு எளிதல்ல, மொத்தம் மூன்றே மடிப்பானாலும் சரி. பிரிட்டனைச் சேர்ந்த ஜான் ஸ்மித் 1970-களில் ‘ப்யூர்லேண்ட்’ என்றொரு ஓரிகாமி முறையை வகுத்தார். மலை மடிப்பு (தாளைப் பின்பக்கம் மடிப்பது), பள்ளத்தாக்கு மடிப்பு (முன்பக்கம் மடிப்பது) இரண்டு மட்டும். ஒரு நேரத்தில் ஒரு மடிப்பு. ஒவ்வொன்றுக்கும் நேரடியான இடம். புதியவர்களையும் கைகளைச் சரளமாக இயக்க முடியாதவர்களையும் மனத்தில் வைத்து வகுத்தது அது. குழந்தைகள் புத்தகம் போடுகிறவர்கள் நட்சத்திரத்தை விட்டுவிட்டு இந்த விதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

நாய் முகம் இந்த அளவுகோலில் தேறுவது எனக்கே வியப்பு. முக்கோணம் செய்து, இரு முனைகளைக் காதாகக் கீழே மடக்கி, தாடையைத் தூக்கிவிட்டு, ஸ்கெட்ச் பேனாவால் கண் வைத்தால் முடிந்தது. காதுகளுக்குத் தொடுமிடம் கிடையாது. ஆனால் மன்னிப்பு தாராளம். ஒரு காது நீண்டு ஒரு காது சுருங்கியிருந்தால் தெருநாய் மாதிரி இன்னும் அழகாகவே இருக்கும். அந்த அழகில் பெரும்பங்கு பேனா போட்ட கண்ணுக்குச் சேர வேண்டியது, மடிப்புக்கு அல்ல என்று ஒருவர் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வகுப்பறைச் சுவரில் வரிசையாக ஒட்டிய முப்பது நாய்களில் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது என்பதும் உண்மை. ஓரிகாமிமீது பழைய குற்றச்சாட்டு ஒன்று உண்டு: காட்டியதை அப்படியே செய்வதில் குழந்தையின் படைப்பு எங்கே இருக்கிறது? டியூலிப்பை வைத்துப் பார்த்தால் அந்தக் குற்றச்சாட்டு சரி. நாயை வைத்துப் பார்த்தால் பாதி சரி.

மீதிப் பாதிக்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும். ஜெர்மனியில் 1837-ல் கிண்டர்கார்டனுக்கு வித்திட்ட ஃப்ரோபெல் காகித மடிப்பைப் பாடத்திலேயே வைத்திருந்தார். அவர் மரபில் மடிப்புகள் மூன்று வகை. பொருள்களின் வடிவங்கள், அழகின் வடிவங்கள், அறிவின் வடிவங்கள். படகும் காற்றாடியும் முதல் வகை. சதுரத்தின் நான்கு மூலைகளையும் நடுவுக்குக் கொண்டுவந்து, அதிலிருந்து ஒவ்வொரு குழந்தையும் தன் போக்கில் மடித்து எடுக்கும் நட்சத்திரக் கோலங்கள் இரண்டாம் வகை. பாதி, கால், முக்கோணம், கோணம் என்று பார்ப்பது மூன்றாவது. 1876-ல் டோக்கியோவில் தொடங்கிய மழலையர் பள்ளி வழியாக இந்தப் பாடம் ஜப்பானுக்குப் போய், அங்கே ஏற்கெனவே இருந்த மடிப்பு மரபோடு கலந்தது. இன்றைய வண்ணப் புத்தகங்கள் மூன்றில் முதல் வகையை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கைவிட்டுவிட்டன. படைப்பு இல்லை என்ற புகாருக்கு இடம் கொடுத்தது இந்தக் கைவிடல்தான், மடிப்பு அல்ல.

அறிவின் வடிவங்களில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. சென்னை மாகாணத்தில் அரசு அதிகாரியாக இருந்த டி. சுந்தர ராவ், காகித மடிப்பாலேயே வடிவியல் கற்பிக்கும் ஆங்கில நூலொன்றை 1893-ல் சென்னையில் வெளியிட்டார். தனக்குத் தூண்டுதல் கிண்டர்கார்டனின் எட்டாம் ‘பரிசான’ (அங்கே கற்பித்தல் பொருள்களுக்கு அந்தப் பெயர்) காகித மடிப்பு என்று அதில் சொல்கிறார். வண்ணச் சதுரத் தாள்கள் இருநூறு கொண்ட பெட்டி அது. ஜெர்மன் கணிதர் ஃபெலிக்ஸ் க்ளைன் அந்த நூலைச் சுட்டிக்காட்ட, 1901-ல் சிகாகோவில் மறுபதிப்பு வந்தது. அந்த நூலில் உள்ளதை ஐந்து வயதுக்குக் கொடுக்க முடியாதுதான். ஆனால் நாய் முகத்துக்காக முதல் முக்கோணத்தை மடித்ததும், ‘இதைப் பிரிச்சா எத்தனை முக்கோணம் இருக்கும், சொல்லு பார்ப்போம்’ என்று கேட்க அரை நிமிடம் போதும். எளிய ஓரிகாமி புத்தகங்களில் நான் தேடி ஏமாறுவது அந்த அரை நிமிடத்தைத்தான்.

இனி மற்றவை. கோப்பைக்கு ஐந்து மடிப்பு. அதில் ஒரு முனை எதிர்ப் பக்கத்தில் சரியாக எங்கே தொட வேண்டும் என்பது குழந்தைக்குப் பிடிபடாது. பெரியவர் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்துவிட வேண்டும். வைத்துவிட்டால் அதற்குப் பிறகு எல்லாமே லாபம். கொஞ்சம் கோணினாலும் கோப்பை கோப்பைதான். அடியில் வெட்டோ திறந்த விளிம்போ கிடையாது, மடிந்த தாளேதான் அடிப்பகுதி. அதனால் தண்ணீர் சில நிமிடம் நிற்கும். தன் கையால் மடித்ததில் தண்ணீர் குடித்த பிள்ளை இன்னொரு தாள் கேட்காமல் விடாது. மடித்து முடித்த பிறகு உரு ஏதாவது வேலை செய்கிறதா என்று நான் பார்ப்பது இதற்காகத்தான். பூனை முகம் நாயின் தம்பி, தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

கப்பல் நம் வீடுகளில் மழைக்காலத்துச் சொத்து. நோட்டுத் தாளைக் கிழித்துத் திண்ணையில் உட்கார்ந்து செய்தது. அதன் கடைசிப் படியில் இரு பக்கக் காதுகளையும் பிடித்துப் பிரித்து இழுக்க வேண்டும். அங்கேதான் தாள் கிழியும், கப்பலும் அண்ணன் கைக்கோ அக்கா கைக்கோ மாறும். ஆனாலும் கப்பலுக்கு வேறெதற்கும் இல்லாத ஒரு நற்குணம் உண்டு. பாதியில் நிறுத்தினால் தொப்பி. தொப்பிவரை எல்லாவற்றுக்கும் தொடுமிடம் இருக்கிறது. நான்கு வயதுக்குத் தொப்பியோடு நிறுத்திவிட்டு, கப்பலை ஆறேழு வயதுக்கு வைத்துக்கொள்ளலாம்.

தவளையைத்தான் புத்தகங்கள் அதிகம் புகழ்கின்றன, அது குதிப்பதால். குதிக்க வைப்பது பின்பக்கத்து மடிப்பு, வில்லாக வேலை செய்கிறது. அந்த மடிப்பு வருவது கடைசியில். அதற்குள் தாள் பல அடுக்காகத் தடித்துவிடும். சின்ன விரல் நகத்தால் எவ்வளவு நீவினாலும் மடிப்பு படியாது, தவளை எழும்பாமல் நகர்ந்து மட்டும் போகும். மெல்லிய தாளில் மடிக்கலாமே என்றால் மெல்லிய தாளுக்கு வில்லின் விசை வராது. உருவின் முழுப் பயனும் குழந்தையால் இயலாத ஒரே மடிப்பில் தொங்குகிறது. ஏழு வயதுக்கு முன்னால் இதைக் கொடுக்கக் கூடாது. கொக்கு அதற்கும் பின்னால். உள்ளே திருப்பும் மடிப்புகளும் இதழாகத் தூக்கும் மடிப்பும் உள்ள உருவை, அமைதிச் சின்னம் என்பதால், ஹிரோஷிமா நாளுக்காக ஒன்றாம் வகுப்பில் செய்யச் சொன்னால், மடிப்பது ஆசிரியரும் பெற்றோரும்தான்.

என் வரிசை இப்படி: முதலில் செய்தித்தாள் கபுத்தோ, அடுத்து நாய், பிறகு புள்ளி வைத்துக் கொடுத்த கோப்பை, பிறகு தொப்பி. டியூலிப் பட்டியலிலிருந்து வெளியே. தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பானிய ஓரிகாமி தாள் வழக்கமாக 15 சென்டிமீட்டர் சதுரம், ஒரு பக்கம் நிறம், மறுபக்கம் வெள்ளை. நிறம் வெளியே இருக்க முக்கோணம் மடித்து, தாடையில் முன் அடுக்கை மட்டும் தூக்கினால் நாய்க்கு வெள்ளை வாய் வந்துவிடும். நம் கடைகளில் கிடைக்கும் கலர் ஏ4 தாளில் இரு பக்கமும் ஒரே நிறம், சதுரமாக வெட்டவும் வேண்டும், வெள்ளை வாயும் கிடையாது. சார்ட் பேப்பர் தடிமன், மடிப்பு நிற்காது. ஒரு பக்கம் மட்டும் அச்சான பழைய நோட்டீஸ் இருந்தால் அதைச் சதுரமாக வெட்டி, அச்சுப் பக்கம் வெளியே வரும்படி மடிக்கச் சொல்லுங்கள்.