செம்பு, கல், கட்டை: பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கேலிச்சித்திர மரபுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேலிச்சித்திரம் அச்சுமுறைக்கு ஏற்பவே தன் குணத்தைப் பெற்றது. இலண்டனில் ஜேம்ஸ் கில்ரே (1756–1815) செப்புத்தகட்டில் கீறி, அமிலத்தால் அரித்து அச்சிட்டார். தாள்தோறும் கையால் வண்ணம் பூசியதால் விலை அதிகம். வாங்க வசதியில்லாதவர்கள் கடைச் சாளரத்தின் முன் கூடிநின்று சிரித்தார்கள்.

கல்லச்சு இந்தக் கலையை நாளிதழுக்குள் கொண்டுவந்தது. சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புக் கோலால் ஓவியரே நேராக வரையலாம், செதுக்குநர் தேவையில்லை. பாரிசில் சார்ல் பிலிப்போன் 1830இல் ‘லா கரிக்கத்தூர்’, 1832இல் ‘லு ஷரிவரி’ ஆகியவற்றைத் தொடங்கினார். லூயி பிலிப் மன்னரின் முகம் படிப்படியாகப் பேரிக்காய் ஆவதை 1831இல் நீதிமன்றத்திலேயே வரைந்துகாட்டி வாதாடியவர் அவர். மன்னரைப் பெருந்தீனிக்காரராக வரைந்த ஒனோரே தோமியே 1832இல் சிறை புகுந்தார். 1835ஆம் ஆண்டுத் தணிக்கைச் சட்டம் அரசியல் கேலிக்கு வழியடைத்தபின் வழக்கறிஞர்களும் போலி வியாபாரிகளும் அவர் கையில் அகப்பட்டார்கள். ஏறத்தாழ 4000 கல்லச்சுகள் வரைந்தார். தலைப்பை மறைத்தாலும் ஆள் இன்னாரென்று தெரிவதும், உடலின் நிற்பிலேயே பொய் வெளிப்படுவதும் அவர் வைத்த அளவுகோல். பலரும் அதை எட்டவில்லை.

1841இல் தொடங்கிய இலண்டன் ‘பஞ்ச்’ இதழ் மரக்கட்டைச் செதுக்கை நம்பியது. கட்டையை எழுத்துகளோடு சேர்த்தே அச்சேற்றலாம். ஆனால் ஓவியரின் கோடு செதுக்குநரின் கைபட்டுச் சீராகி, சூடும் தணிந்தது. 1857 சிப்பாய்க் கிளர்ச்சியின்போது ஜோன் டெனியல் வரைந்த, வங்கப் புலிமீது பாயும் பிரித்தானியச் சிங்கம் கேலியே அல்ல, அரசின் கோபம்.

‘பஞ்ச்’ ஆசியாவிலும் வழித்தோன்றல்களைப் பெற்றது. லக்னோவில் 1877இல் உருது ‘அவத் பஞ்ச்’ பிறந்தது. கொழும்பில் 1870ஐ ஒட்டி வெளிவந்த ‘முனியாண்டி’க்குப் பறங்கியரான ஜே. எல். கே. வான் டோர்ட் வரைந்தார். பெயர் தமிழ், ஏடு ஆங்கிலம். கல்கத்தாவின் பட்டலா மரச்செதுக்குகள் இந்த வழியில் வராதவை. 1873ஆம் ஆண்டுத் தாரகேசுவரர் கோயில் மடாதிபதி வழக்கும் மோஸ்தர் பாபுக்களும் அங்கே மலிவுத் தாள்களில் சந்தைக்கு வந்தன.

தமிழ் இதழியலில் அரசியல் கேலிச்சித்திரம் நிலைபெற்றது சற்றுப் பிந்தித்தான்: சென்னையில் 1906இல் தொடங்கி 1908இல் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்த, பாரதியாரின் ‘இந்தியா’ வார இதழில்.