பசிக்கு ஒரு கசப்பு

சிவப்பு வெர்மூத்தை நான் பல வருஷம் ‘இருமல் சிரப்’ என்று திட்டிக்கொண்டிருந்தேன். முதன்முதலில் அதைக் குடித்தது ஒரு ஹோட்டல் பாரில். பேர் வேண்டாம். எத்தனை மாசமாகத் திறந்து கிடந்த பாட்டிலோ, வெதுவெதுப்பாக ஊற்றித் தந்தார்கள். திகட்டும் தித்திப்பு, பின்னால் ஒரு காடி வாடை. அத்தோடு சரி என்று விட்டுவிட்டேன். அந்தத் தீர்ப்பை அப்புறம் இத்தாலியில், டூரின் நகரில், ஒரு சாயங்காலம் வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று.

குடிக்காதவர்களும் தொடர்ந்து படிக்கலாம். விஷயம் நாக்கைப் பற்றியது.

டூரின்தான் இதற்குச் சொந்த ஊர். 1786ல் அங்கே அன்டோனியோ பெனெடெட்டோ கார்ப்பானோ என்பவர் விற்க ஆரம்பித்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் சரித்திரம். ஐரோப்பிய யூனியன் சட்டப்படி வெர்மூத்தில் குறைந்தது முக்கால் பங்கு ஒயின் இருக்க வேண்டும். மிச்சம் கூடுதல் ஆல்கஹால், சர்க்கரை, மூலிகை, பட்டை, வேர். கட்டாயமாகச் சேர வேண்டியது ஆர்ட்டிமீசியா என்ற கசப்புச் செடி. அதன் ஜெர்மன் பெயர்தான் வெர்மூத் ஆனது. நம் பூக்கடை மரிக்கொழுந்தும் இதே ஆர்ட்டிமீசியா வம்சம்தான். சாதுவான தங்கை.

‘சிவப்பு’ என்பதை ரொம்ப நம்பாதீர்கள். பெரும்பாலும் அடியில் இருப்பது வெள்ளை ஒயின். நிறம் கேரமலின் உபயம்.

டூரினில் இரண்டு கிளாஸ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசித்தேன். முதலாவது அன்டிகா ஃபார்முலா. முகர்ந்த உடனே வெனிலா, அப்புறம் உலர்திராட்சை. பட்டு மாதிரி இறங்குகிறது. அருமை, ஆனால் இதைச் சாப்பாட்டுக்கு முன்னால் தருவது பந்தியில் முதலிலேயே பாயசம் போடுகிற மாதிரி. சாப்பிட்ட பின் குடித்தால் நூற்றுக்கு எண்பது கொடுப்பேன். முன்னால் என்றால் ஐம்பது.

இரண்டாவது புன்ட் எ மெஸ். பியட்மான்ட் பேச்சுமொழியில் ‘ஒன்றரைப் புள்ளி’. ஒரு பங்கு இனிப்பு, அரைப் பங்கு கசப்பு. முதலில் தித்திப்பாகத்தான் வருகிறது. ஆரஞ்சுத் தோல் வாசனை. சரி, இவ்வளவுதானா என்று நினைக்கும்போது பின்னாலிருந்து கசப்பு வருகிறது. நாக்கின் ஓரங்களைக் கவ்வி, தித்திப்பைத் துடைத்துவிட்டுப் போகிறது. விழுங்கிக் கொஞ்ச நேரத்தில் வாயில் ஜலம் ஊறுகிறது. பசிக்கிறது!

அப்பரிட்டிவோ என்பதன் லத்தீன் மூலத்துக்கு ‘திற’ என்று அர்த்தம். வயிற்றைத் திறக்கிறதா என்பதுதான் இதற்கு ஒரே பரீட்சை. வாசனையை வர்ணித்து நாலு பக்கம் எழுதலாம். பசி வரவில்லையென்றால் அது வெறும் இனிப்பு ஒயின்.

இனி பரிமாறுவது. பாதிக் குற்றம் இங்கேதான் நடக்கிறது. ஆல்கஹால் சேர்த்திருப்பதால் கெடாது என்று நினைத்து விஸ்கி, ரம்மோடு அலமாரியில் நிறுத்திவிடுகிறார்கள். அடிப்படையில் இது ஒயின் ஐயா! திறந்தால் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஒரு மாசம் ரெண்டு மாசத்துக்குள் தீருங்கள். கால் கிளாஸ் போதும். பெரிய ஐஸ்கட்டி ஒன்று, ஆரஞ்சுத் துண்டு ஒன்று, தித்திப்பு ஜாஸ்தியென்றால் கொஞ்சம் சோடா. பொடி ஐஸ் வேண்டாம், சீக்கிரம் கரைந்து நீர்த்துவிடும். கூட உப்பாக ஏதாவது: ஆலிவ், அல்லது டூரின்காரர்கள் மாதிரி பார்ஸ்லி அரைத்த பச்சைச் சட்னியில் ஊறின நெத்திலி. உப்பு பட்டதும் கசப்பு சாந்தமாகிவிடுகிறது.

காக்டெயில் உலகம் இதற்கு நிரந்தரமாக ஹீரோவின் நண்பன் வேஷம்தான் கொடுத்திருக்கிறது. மன்ஹாட்டனில் விஸ்கிக்கு, நெக்ரோனியில் ஜின்னுக்கும் காம்பாரிக்கும். நல்ல நடிகன்தான், ஒருமுறையாவது தனியாக நடிக்கவிட்டுப் பாருங்கள்.

ஒரே முறை. இனிப்பு வெர்மூத்தில் லிட்டருக்கு 130 கிராம் சர்க்கரையாவது இருக்கிறது. 75 மில்லி கிளாஸில் கிட்டத்தட்ட இரண்டு டீஸ்பூன். இரண்டாவது கிளாஸில் கசப்பு நாக்குக்குப் பழகிவிடுகிறது, சர்க்கரை மட்டும் சேர்ந்துகொண்டே போகிறது. திறந்த வயிறு மறுபடி மூடிக்கொள்ளும். முதல் கிளாஸ் செய்த நல்ல காரியத்தை இரண்டாவது கெடுத்துவிடும் பானம் இது. ‘இன்னொன்று?’ என்று கேட்ட பார்க்காரரிடம் மெனு கார்டு கேட்டேன்.

அன்று ராத்திரி இரண்டு தட்டு பாஸ்தா சாப்பிட்டேன். இருமல் சிரப் வழக்கு தள்ளுபடி.