பெயர்ந்து வந்த வீடு

கோவளத்துக்குச் சற்று வடக்கே, முட்டுக்காட்டில் இருக்கிறது தட்சிணசித்ரா. 1996இல் திறந்த இந்த அருங்காட்சியகத்தில் வீடுகளே காட்சிப்பொருள். தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்து, இங்கே கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறித்தவர் வீடு, 1850இல் கட்டியது. முகப்பிலேயே நெற்களஞ்சியம்! சொத்து எதுவென்று வந்தவருக்குத் தெரிய வேண்டாமா? தடித்த பலகைகள், விரல் வைத்தால் வழுக்கும் வழவழப்பு. கழுந்தும் துளையுமாகப் பொருத்துவது கேரளத் தச்சு. அதனால் கழற்றவும் முடியும், திரும்பப் பூட்டவும் முடியும். நம் கான்கிரீட் வீட்டை உடைக்கத்தான் முடியும்.

செட்டிநாட்டு வீட்டுத் தூண்களைப் பலரும் படமெடுக்கிறார்கள். வயதானவர்கள் திண்ணையைக் கண்டதும் காலை நீட்டிவிடுகிறார்கள். செவ்வாய்க்கிழமை போகாதீர்கள், விடுமுறை.