தோட்டாவின் சாட்சியம்

குற்றாலத்தில் சாரல் பிடித்துக்கொண்டால் அறைக்குள் உட்கார்ந்து துப்பறியும் நாவல் படிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. ரசிகமணி டி. கே. சி. கம்பனைச் சுவைத்த ஊரில் இது அபசாரம் என்று நினைப்பவர்கள் மன்னிக்க வேண்டும். சென்ற தடவை நான் படித்த நாவலில் வில்லன் ரிவால்வரால் ஒரே முறை சுட்டுவிட்டு ஓடுகிறான். துப்பறிபவர் வந்து, தரையில் கிடக்கும் காலித் தோட்டாவைக் கைக்குட்டையில் எடுத்து, "இனி இவன் தப்ப முடியாது" என்று சிரிக்கிறார். எனக்கும் சிரிப்பு வந்தது, காரணம் வேறு.

ரிவால்வரில் சுட்ட தோட்டாவின் கூடு அதன் உருளைக்குள்ளேயே தங்கிவிடும். சுட்டவன் திறந்து தட்டினால்தான் வெளியே வரும். சுட்டவுடன் கூட்டைத் தானே வெளியே எறிவது ஆட்டோமாட்டிக் பிஸ்டல். 'கதைக்கு இதெல்லாம் எதற்கு?' என்பார்கள். பாயசத்தில் பெருங்காயம் போட்டதாக எழுதினால் மட்டும் நாம் விட்டுவிடுவோமா?

உண்மையான சாஸ்திரம் இந்தக் கற்பனையைவிடச் சுவையானது. குண்டு சுழன்று செல்வதற்காகத் துப்பாக்கிக் குழலின் உட்புறத்தில் சுருள் பள்ளங்கள் வெட்டுகிறார்கள். வெட்டும் கருவி வேலை செய்யச் செய்யத் தேய்கிறது. அதனால் ஒரே பட்டறையில் அடுத்தடுத்துச் செய்த இரண்டு குழல்களிலும் நுண்ணிய கீறல்கள் வித்தியாசப்படும். அவை குண்டின்மேல் பதிகின்றன. சந்தேகப்பட்ட துப்பாக்கியால் தண்ணீர்த் தொட்டியில் சுட்டு, அந்தக் குண்டையும் பிணத்திலிருந்து எடுத்ததையும் இரட்டை மைக்ராஸ்கோப்பில் அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள். 1920களில் அமெரிக்காவில் கால்வின் காடர்டு முதலியவர்கள் இந்த முறையை நிலைநாட்டினார்கள்.

ஆனால் இத்தனையும் சொல்வது எந்தத் துப்பாக்கி என்பதைத்தான். யார் கை, எதற்காக என்பதை அது சொல்லாது. குற்றாலத்துக்குப் பக்கத்திலுள்ள செங்கோட்டையின் கதையே இதற்கு உதாரணம். 1911 ஜூன் 17 அன்று அவ்வூர் வாஞ்சிநாதன் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தம்மையும் சுட்டுக்கொண்டார். பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல் அது. எந்தத் துப்பாக்கி என்று காண மைக்ராஸ்கோப்பு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆயினும் வழக்கு அங்கே முடியவில்லை. அந்தக் கைக்குப் பின்னால் இருந்த கைகளைத் தேடி, சென்னை ஹைகோர்ட்டில் 14 பேரை நிறுத்தினார்கள். நீலகண்ட பிரம்மசாரிக்கு 7 ஆண்டுச் சிறை கிடைத்தது. அங்கே பேசியது இரும்பல்ல; அப்ரூவர்களின் வாய். இரும்பு அறிந்ததெல்லாம் பெல்ஜியம் மட்டுமே.

இன்னொன்றும் உண்டு. எத்தனை கீறல்கள் ஒத்தால் போதும் என்பதற்குத் திட்டமான அளவுகோல் இல்லை, நிபுணரின் கண்ணும் அனுபவமுமே முடிவு செய்கின்றன என்று அமெரிக்க தேசிய விஞ்ஞான அகாடமியின் 2009ஆம் ஆண்டு அறிக்கை எடுத்துக் காட்டியது. ஒரு மனிதன் தூக்குமேடைக்குப் போகும் விஷயம் இது. கதையில் பழகிய நம்பிக்கையோடுதான் நாம் பத்திரிகையில் கொலைச் செய்தியையும் படிக்கிறோம். 'குண்டு ஒத்துப்போயிற்று' என்றவுடன் மனத்துக்குள் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

ஆகவே துப்பறியும் நாவல் எழுதும் நண்பர்களிடம் ஒரு விண்ணப்பம். லாபரட்டரி ரிப்போர்ட் வரும் அத்தியாயத்தைக் கடைசி அத்தியாயமாக வைக்காதீர்கள். துப்பாக்கி அகப்பட்ட பிறகுதான் மனிதனைத் தேட வேண்டியிருக்கிறது. அதற்கும் சில பக்கங்கள் மிச்சம் வையுங்கள். சாரல் எப்படியும் இப்போதைக்கு நிற்காது. நாங்கள் பொறுமையாகப் படிப்போம்.