ஒத்துப்போவது யார்?

தலைவர் என்று ஒருவரும் இல்லை. அவரவர் தம்மோடு தொடர்பில் இருப்பவரின் நிலையைப் பார்த்துத் தம் நிலையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறார்கள். அந்தத் தொடர்பும் நிலையாக இல்லை. இன்று ஒருவரோடு, நாளை வேறொருவரோடு. இப்படிப்பட்ட கூட்டம் ஒரே முடிவுக்கு வருமா? வரும் என்று கணிதம் சொல்கிறது. 1995இல் விச்செக் குழுவினர் கணினியில் கண்டதை, 2003இல் ஜட்பாபாயி, லின், மோர்ஸ் ஆகிய மூவர் நிரூபித்தார்கள். எந்த நொடியிலும் எல்லோரும் இணைந்திருக்க வேண்டியதில்லை. வரம்புக்குட்பட்ட ஒவ்வொரு காலப் பகுதியிலும் நடந்த தொடர்புகளைச் சேர்த்துப் பார்த்தால் வலை துண்டுபடாமல் இணைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அழகான முடிவு. ட்ரோன் கூட்டத்துக்கும் உணரி வலைக்கும் இன்று இது ஓர் அடிப்படை.

மனிதருக்கு இது பொருந்துமா என்பது வம்புக் கேள்வி அல்ல. இந்தத் துறையின் வேர்களில் ஒன்றான டிக்ரூட்டின் 1974 கட்டுரை, மனிதர்கள் குழுவாகக் கூடிக் கருத்தொற்றுமைக்கு வருவதைப் பற்றியதுதான். ஆகவே இதைக் காவிரி டெல்டாவில், திருத்துறைப்பூண்டியின் கடைமடையில் வைத்து உரசிப்பார்க்க நமக்கு உரிமை உண்டு.

மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12இல் திறக்கும் தண்ணீர் கல்லணை வந்து, வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமனியாறு என்று பிரிந்து, இன்னும் பல கிளைகளைத் தாண்டித்தான் முள்ளியாற்றுக்கும் இந்த ஊர் வாய்க்கால்களுக்கும் வர வேண்டும். பற்றாக்குறை ஆண்டில் ஆற்றுக்கு ஆறு முறை வைத்து விடுவார்கள். இன்று திறந்திருக்கும் மதகு நாளை மூடியிருக்கும். மாறும் வலைக்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

ஒரே வாய்க்காலில் இரண்டு விவசாயிகளை எடுத்துக்கொள்வோம். தலைமடைக்காரர் ஜூலை 1இல் விதைக்க நினைக்கிறார். தண்ணீர் தாமதமாக வரும் கடைமடைக்காரர் ஜூலை 31இல். இருவரும் ஒருவருக்கொருவர் காது கொடுத்தால் ஜூலை 16இல் சந்திப்பார்கள். தலைமடைக்காரர் காது கொடுக்காமல், கடைமடைக்காரர் மட்டும் ஒவ்வொரு முறையும் பாதி தூரம் இறங்கி வந்தால்? 31 முதலில் 16 ஆகும், பிறகு 8க்கும் 9க்கும் நடுவில், பிறகு 5க்குப் பக்கத்தில், கடைசியில் 1இல் போய் நிற்கும். இதுவும் ஒருமித்த முடிவுதான்! தேற்றம் துளியும் பொய்க்கவில்லை. ஆனால் ஒரே ஒருவர்தான் நகர்ந்திருக்கிறார்.

என் முதல் குறை இதுதான். ஒற்றுமை வரும் என்பதற்கு உத்தரவாதம் தரும் கணிதம், எந்த இடத்தில் வரும் என்பதற்குத் தருவதில்லை. எல்லோருடைய தொடக்க நிலைக்கும் சமமான இடம் கிடைக்க வேண்டுமென்றால், ஒவ்வொருவரும் பிறருக்குக் காது கொடுக்கும் அளவும் பிறர் அவருக்குக் காது கொடுக்கும் அளவும் சமமாக இருக்க வேண்டும். ஓல்ஃபாட்டி-சேபரும் மரேயும் 2004இல் இந்த நிபந்தனையைத் தெளிவாகவே எழுதினார்கள். மேடு பள்ளம் உள்ள ஆற்றுப்பாசனத்தில் அந்தச் சமநிலை தானாக அமையாது.

இரண்டாவது குறை இன்னும் கனமானது. அதற்குக் காவிரிக் குடும்பத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். 2002இன் கடும் பற்றாக்குறைக்குப் பிறகு, 2003இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் ஜனகராஜன், டெல்டா விவசாயிகள் தலைவர் மன்னார்குடி ரங்கநாதன் போன்றோரின் முயற்சியில் தமிழக, கர்நாடக விவசாயிகள் காவிரிக் குடும்பம் என்ற பெயரில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். அவர்கள் வயலை இவர்களும் இவர்கள் வயலை அவர்களும் போய்ப் பார்த்தார்கள். விட்டுவிட்டுச் சந்தித்தாலும் தொடர்ந்து சந்தித்தார்கள். பரஸ்பரம் பேசும் கூட்டத்துக்கு அது போதும் என்கிறது தேற்றம். புரிதல் வளர்ந்ததும் உண்மை. அந்த முயற்சியை நான் மதிக்கிறேன். ஆனால் பங்கீட்டுக்கு ஓர் ஏற்பாடு அதிலிருந்து வரவில்லை.

காரணம், மதகின் சாவி அவர்களிடம் இல்லை. நகராத இரண்டு அரசுகள் இரு புறமும் நிற்க, நகரத் தயாரானவர்கள் நடுவில் இருந்தார்கள். இதையும் கணிதத்தில் எழுதிப் பார்க்கலாம். ஒருவர் 1இலும் மற்றவர் 31இலும் அசையாமல் நின்றால், நடுவில் இருப்பவர் இன்று ஒருவர் பேச்சைக் கேட்டு இந்தப் பக்கம் சாய்வார், நாளை மற்றவர் பேச்சைக் கேட்டு அந்தப் பக்கம் சாய்வார். வலை மாறிக்கொண்டே இருந்தால் அவர் ஓரிடத்தில் நிற்கவே மாட்டார். கூட்டங்களை இரட்டிப்பாக்கினாலும் இந்த நிலை மாறாது. பேச்சு குறைந்ததால் உடன்பாடு வரவில்லை என்ற விளக்கத்தை நான் ஏற்கவில்லை.

உடன்பாடு இல்லாமலே தண்ணீர் வந்ததற்கு வேறு வழி இருந்தது. 1990இல் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. 2007இல் இறுதித் தீர்ப்பு: கர்நாடகம் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. தர வேண்டும், அளக்கும் இடம் மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலு. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆகக் குறைத்தது. அதே ஆண்டு ஜூனில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் வந்தது. 2023 செப்டம்பரில் விநாடிக்கு 5,000 கன அடி திறக்க ஆணையம் சொன்னபோது கர்நாடகம் எதிர்த்தது. உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. நமக்குக் கிடைத்தது குறைவு என்று வாதிடலாம், நானும் வாதிடுவேன். ஆனாலும் அந்த எண் எழுத்தில் இருக்கிறது, அளக்க ஓர் இடம் இருக்கிறது.

ஆக, என் முடிவு இது. மாறும் வலையில் ஒருமித்த முடிவு என்ற கோட்பாடு இயந்திரங்களுக்குச் சிறந்தது. எல்லோரும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டு நகரும் இடத்தில் அதை நம்பலாம். மதகுகளில் நீர்மட்டம் அளக்கும் கருவிகளை அதன்படி இணைப்பதை வரவேற்கிறேன். நீரைப் பங்கிடும் நெறியாக அதை ஏற்க முடியாது. மூணாறு தலைப்புக்குக் கீழேயும் ஒவ்வொரு கிளைக்கும் இத்தனை நாள், இவ்வளவு நீர் என்று எழுதி வைத்து, கடைமடையில் அளந்து, அந்த அளவை ஊரறிய வெளியிட வேண்டும். பிலிகுண்டுலுவில் செய்ததைத் திருத்துறைப்பூண்டியிலும் செய்யுங்கள்.