சிவானந்தன் இருந்த நகரத்தில் நாங்கள்

அம்பலவாணர் சிவானந்தன் 2018 ஜனவரி 3ஆம் திகதி காலமானார். ஆங்கிலத்தில் நீண்ட அஞ்சலிகள் வந்தன. எம்மவர் மத்தியிலோ, 1997இல் வெளிவந்த 'வென் மெமரி டைஸ்' நாவலை எழுதியவர் என்ற அளவிலாவது அவரை அறிந்திருந்தவர்கள் சொற்பம். நாற்பது வருடங்களுக்கு மேலாக இதே நகரத்தில் இருந்துகொண்டு தெருமட்ட அரசியல் பற்றி எழுதியும் பேசியும் வந்த ஒரு தமிழர், இந்நகரத்துத் தமிழருக்கு அந்நியராகவே இருந்து மறைந்தார். குறை அவருடையதா, எங்களுடையதா என்ற கேள்வியோடுதான் அவரது கட்டுரைகளை வாசிக்கத் தொடங்கினேன். வாசித்தது பெரும்பாலும் வேலை முடிந்து திரும்பும் இரவு பஸ்ஸில். இவ்வெழுத்தில் கொஞ்சம் எண்ணெய் மணம் இருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவர் 1923இல் கொழும்பில் பிறந்தவர். குடும்பத்தின் வேர் சண்டிலிப்பாய். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்து, மலைநாட்டில் படிப்பித்து, பின்னர் வங்கி உத்தியோகத்துக்குப் போனவர். 1958 இனக்கலவரத்தைக் கண்டபின் நாட்டை விட்டு வெளிக்கிட்டு லண்டன் வந்தால், அதே வருடம் நொற்றிங் ஹில்லில் கறுப்பு மக்களைத் தேடித்தேடி அடிக்கிறார்கள். வங்கி உத்தியோகத்தருக்கு இங்கே கிடைத்தது கிங்ஸ்பரி நூலகத்தில் தேத்தண்ணி கொடுக்கும் வேலை. கோப்பை கழுவிய கதையைப் புகலிட இலக்கியத்தில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்தவர்களே தொடக்கினோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்! அங்கிருந்தபடியே நூலகப் பயிற்சி பெற்று, 1964இல் இன உறவுகள் நிறுவனத்தின் பிரதான நூலகரானார்.

அந்த நிறுவனத்தில் 1972இல் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கனவான்களும் வர்த்தகப் பெருநிறுவனங்களின் ஆட்களும் பேராசிரியர்களும் கூடி நடத்திய நிறுவனம் அது. வந்தேறிய கறுப்பு மக்களை ஒரு 'பிரச்சினை'யாக எடுத்து ஆராய்ந்து, முடிவுகளைக் கொள்கை வகுப்பவர்களின் மேசைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பிரச்சினை கறுப்பு மக்களில் இல்லை, இந்நாட்டு நிறவாதத்தில் இருக்கிறது என்று அங்கு வேலைசெய்தவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். நிர்வாக சபைக்கு அது பிடிக்கவில்லை. ஊழியர்கள் கல்லெறியவில்லை. உறுப்பினர்களைத் தம் பக்கம் திரட்டி, பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு விட்டு வென்றார்கள். சபையினர் விலகினர். அவர்களோடு பணமும் போயிற்று. மத்திய லண்டனின் வசதியான கட்டிடத்தை விட்டு, பென்ரன்வில் றோட்டில் கைவிடப்பட்ட ஒரு பண்டகசாலைக்குப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். 'றேஸ்' என்ற அதன் சஞ்சிகை 1974இல் 'றேஸ் அன்ட் கிளாஸ்' ஆகியது. நிறத்தோடு வர்க்கமும் சேர்ந்தது.

பொதுக்கூட்டம் என்பது எங்களுக்குத் தெரியாத விடயம் அல்ல. தலைவர் பதவிக்காக நடுராத்திரி வரை யாப்பைப் புரட்டி, விடியும்போது இரண்டாகப் பிளந்து வெளியேறும் சங்கங்களில் இருந்து பழகியவர்கள் நாங்கள். அதே யாப்பை வைத்து ஒரு நிறுவனம் யாருக்காக இயங்குகிறது என்பதையே ஒரு நூலகரும் அவரது சகாக்களும் மாற்றியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம் தந்தது.

சிவானந்தனின் அரசியலில் 'கறுப்பு' என்பது தோலின் நிறம் அல்ல. காலனித்துவத்தின் கீழ் இருந்து இங்கு வந்து ஒரே தொழிற்சாலையில் ஒரே நிறவாதத்துக்கு முகம்கொடுத்த ஆசிய, ஆபிரிக்க, கரிபிய மக்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட அரசியல் நிறம் அது. எங்கள் பாஷையில் அச்சொல்லுக்குப் பின்னால் 'யூலை' வந்தால் மட்டுமே கனம் வருகிறது. மற்ற நேரத்தில் என்ன நடக்கிறது? நான் வேலைசெய்யும் குசினியில் பாத்திரம் கழுவுபவர் கானா நாட்டவர். என்னைப்போலவே விசாவுக்கு அலைந்தவர், என்னைவிட முதுகுநோ உள்ளவர். அவர் இல்லாதபோது எம்மவர் அவரைக் குறிப்பிடும் சொல் 'காப்பிலி'. ஊரில் 'பறத்தெமிளோ' என்ற வசையைக் கேட்டு ஓடிவந்த வாயிலிருந்து இந்தச் சொல் எவ்வளவு இலகுவாக வருகிறது! இது பண்பாட்டுக் குறை மட்டும் அல்ல, அரசியல் நட்டமும் ஆகும். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, அடுத்த நாள் அவரையும் கூட்டிக்கொண்டு சம்பளம் கேட்க முதலாளியிடம் போக முடியாது.

1985இல் சிவானந்தன் எழுதிய ஒரு கட்டுரை எங்களோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. 1981 பிரிக்ஸ்ரன் கலவரங்களுக்குப் பின்னர் அரசும் உள்ளூராட்சி மன்றங்களும் செய்த காரியத்தை அதில் விமர்சிக்கிறார். நிறவாதத்தை வெள்ளையரின் மனக்கோளாறாக்கி, அதற்குப் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். மறுபுறம், ஒவ்வொரு இனக்குழுவுக்கும் தனித்தனியாக மானியம் கொடுத்தார்கள். சேர்ந்து நின்றவர்கள் மானியப் படிவத்தின் முன் தனித்தனி வரிசையில் நிற்கத் தொடங்கினார்கள் என்பது அவரது வாதம். கென் லிவிங்ஸ்ரனின் லண்டன் மாநகர சபை 1986இல் கலைக்கப்படும் வரை அந்த மானியங்கள் பெருகின. 1983க்குப் பின் நாங்கள் பெருந்தொகையாக வந்திறங்கியது சரியாக அந்தக் காலத்தில்தான். அதாவது, அவர் எச்சரித்த கதவால்தான் நாங்கள் உள்ளே வந்தோம். தமிழருக்குத் தமிழர் சங்கம், வங்காளிக்கு வங்காளி சங்கம் என்ற ஏற்பாடு எமக்கு இயல்பானதாகவே பட்டது. ஊரிலும் நாங்கள் அப்படித்தானே வாழ்ந்தோம்.

ஆயினும் இவ்விடத்தில் அவரோடு நான் முழுதாக உடன்படவில்லை. 1986இல் தொடங்கிய நியூஹாம் தமிழர் நலன்புரிச் சங்கம் போன்றவற்றின் மேசைகளுக்கு முன்னால் ஒருநாள் காத்திருந்து பார்த்தவர்களுக்கு இது விளங்கும். உள்துறை அமைச்சின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அது தன்னை ஏற்றதா நிராகரித்ததா என்றே தெரியாமல் நிற்கும் ஒரு தாய்க்கு அந்த மேசைதான் முதல் அரசியல். ஆங்கிலத்தில் சிந்தித்த சிவானந்தனுக்கு மொழியில்லாதவனின் தனிமை போதியளவு எட்டவில்லை என்றே சொல்வேன். மேசை இருக்க வேண்டும். வரிசையில் நிற்பவர்கள் ஒருவரோடொருவர் பேச எங்களுக்கு ஒரு மண்டபம் ஏன் இல்லாமற் போயிற்று என்பதே என் கேள்வி. இருக்கும் மண்டபங்கள் சாமத்தியவீட்டுக்குப் பதிவாகி இருக்கின்றன.

தமிழர் இங்கே ஒன்றுமே செய்யவில்லை என்றும் இல்லை. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் ஐம்பதுக்கு மேற்பட்ட தமிழ் அகதிகளை விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்ப முயன்றபோது, அவர்களில் சிலர் ஓடுபாதையருகே உடுப்பைக் கழற்றி உள்ளாடையோடு நின்றார்கள். மானம் பெரிதென்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள், உயிருக்காக அந்த மானத்தையே ஆயுதமாக்கினார்கள். நீதிமன்றம் தற்காலிகமாகத் தடுத்தது. அரசும் சும்மா இருக்கவில்லை. உரிய பத்திரமில்லாத பயணியை ஏற்றிவந்தால் தலைக்கு 1000 பவுண் தண்டம் என்று விமானக் கம்பனிகளையே காவல்காரராக்கும் சட்டத்தை அதே ஆண்டு கொண்டுவந்தது. அகதிகளைத் தடுத்துவைக்க ஹாவிச் துறைமுகத்தில் 'ஏர்ள் வில்லியம்' என்ற பழைய கப்பலை நிறுத்தியது. ஒக்ரோபர் 16ஆம் திகதிப் பெரும்புயலில் அக்கப்பல் கட்டறுந்து தரைதட்டியது. இவற்றை எல்லாம் எங்கள் பிள்ளைகள் எந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள்?

1991 டிசம்பர் இறுதியில் மேனர் பார்க்கில் பஞ்சாட்சரம் சகிதரன் என்ற தமிழ் அகதி இளைஞர் ஒரு கும்பலால் தாக்கப்பட்டு, 1992 ஜனவரி 3ஆம் திகதி உயிரிழந்தார். ஸ்ரீபன் லோறன்ஸ் கொலைக்கு ஒரு வருடத்துக்கும் மேல் முந்தியது இது. சகிதரனின் பெயரை நான் முதலில் கண்டது எங்கள் சுவரொட்டி எதிலும் அல்ல. நிறவாதத்தால் கொல்லப்பட்டவர்களின் பெயர்களை வருடக்கணக்காகத் தொகுத்துவந்த சிவானந்தனின் நிறுவனத்துப் பட்டியலில்தான் கண்டேன். அதே நியூஹாமில் 1980இல் அக்தர் அலி பெய்க் கொல்லப்பட்டபோது, ஊர்மக்கள் சேர்ந்து 'நியூஹாம் கண்காணிப்புத் திட்டம்' என்ற அமைப்பை உருவாக்கி முப்பது வருடங்களுக்கு மேல் நடத்தினார்கள். பொலிஸ் பிடித்தால் நடுராத்திரியிலும் போன் எடுக்கலாம், வழக்கறிஞர் வருவார் என்ற நிலையை உண்டாக்கியது அது. நினைவைப் பற்றி இவ்வளவு பேசும் சமூகம், நினைவுகூர வேண்டிய மரணங்களையும் தரம்பிரித்து வைத்திருக்கிறது. ஊரில் செத்தால் ஒரு கணக்கு, ஈஸ்ற்ஹாமில் செத்தால் வேறு கணக்கு.

இதில் சிவானந்தனுக்கும் ஒரு பங்குண்டு. கட்டுரைகளில் அவர் முழுக்க லண்டன்காரர். நாவலிலோ முழுக்க இலங்கையர். சகாதேவன், ராஜன், விஜய் என மூன்று தலைமுறைகளூடாக, சிங்களத் தமிழ்த் தொழிலாளர் ஒன்றாக நின்ற காலத்திலிருந்து ஒருவரை ஒருவர் கொல்லும் காலம் வரை வருகிறது கதை. மனதை உலுக்கும் நூல். சில இடங்களில் பாத்திரங்கள் ஆசிரியரின் வாயால் அரசியல் பேசுகின்றன என்பது வேறு விடயம். லண்டன் அதில் கதைக்களம் அல்ல. 2000இல் வந்த சிறுகதைத் தொகுப்பில் இரு உலகங்களும் வருகின்றன. எனினும், கிங்ஸ்பரியில் தேத்தண்ணி கொடுத்த அந்தத் தமிழனை ஒரு நாவலின் நடுவில் வைத்து அவர் எழுதவில்லை. எழுதியிருந்தால், அவரது கட்டுரைக்குள் நுழைய எங்களுக்கு ஒரு படலை கிடைத்திருக்கும்.

2009 ஏப்ரல் 6ஆம் திகதி தொடங்கி ஜூன் நடுப்பகுதி வரை பாராளுமன்ற சதுக்கத்தில் எம்மவர் இருந்தார்கள். ஏப்ரல் 11 ஊர்வலத்தில் ஒரு இலட்சம் பேரளவில் நடந்தார்கள். நான் இங்கு வருவதற்கு முந்திய கதை அது. ஆனால் போனவர்களோடுதான் வேலைசெய்கிறேன். அந்த நாட்களைப் பற்றிச் சொல்லும்போது அவர்களின் குரல் இன்னும் மாறுகிறது. வேலையை விட்டவர்கள், குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனவர்கள், வெஸ்ற்மின்ஸ்ரர் பாலத்தில் குந்தியிருந்தவர்கள். அவ்வளவு சனம் ஒரே இடத்தில் எழுபது நாளுக்கு மேல் கூடியது. சனம் கலைந்தபோது, எந்தத் தெருவில் யார், எந்த வேலைத்தலத்தில் யார் என்ற தொடர்பாவது மிஞ்சியதா? கேட்டால் ஒருவரும் ஆம் என்று சொல்லவில்லை. திரட்டியவர்கள் எண்ணிக்கையைத் திரட்டினார்கள். தோல்வியின் துயரம் பெரியது. அதை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனாலும் அன்று சதுக்கத்தில் நின்றவர்களில் எத்தனைபேர் தங்கள் வட்டாரக் கவுன்சிலரின் பெயரை அறிந்திருந்தார்கள் என்று கேட்க எனக்கு உரிமை உண்டென நினைக்கிறேன்.

2024 யூலையில் ஸ்ரற்ஃபோர்ட் அன்ட் போ தொகுதியில் உமா குமாரன் வென்று, பிரித்தானியப் பாராளுமன்றம் சென்ற முதல் தமிழரானார். எங்கள் குசினியில் கேக் வெட்டினார்கள். நானும் தின்றேன். அந்தக் கேக்கைத் தின்ற ஒன்பது பேரில் வாக்களித்தவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள், பிரித்தானியக் கடவுச்சீட்டு வந்தபிறகுதான் வாக்கு என்று நம்பியிருந்தார்கள். இந்நாட்டில் தங்க அனுமதியுள்ள இலங்கைக் குடிமக்கள், பொதுநலவாய நாட்டவர் என்ற வகையில், கவுன்சில் தேர்தலிலும் பாராளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். பதிந்தால் போதும். பிரான்சிலோ ஜேர்மனியிலோ இருக்கும் எங்கள் சகோதரருக்கு இது கிடையாது. இதைச் சொல்ல ஒரு துண்டுப்பிரசுரம் போதும். கோயில் தேருக்கு அடிக்கும் பிரசுரத்தின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று. வாடிக்கையாளர் கொடுக்கும் ரிப்ஸ் முழுவதும் வேலையாட்களுக்கே சேரவேண்டும் என்ற சட்டம் 2024 ஒக்ரோபர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதைப்பற்றி மூத்த சமையற்காரர் ஒருவரிடம் சொன்னேன்.

"அண்ணை, ரிப்ஸுக்குச் சட்டம் வந்திருக்கு."

"சட்டம் வரும் தம்பி. கேட்டால் அடுத்த கிழமை வேலை இருக்குமோ?"

அவர் கோழை இல்லை. ஊரில் இரண்டு இயக்கத்துக்கும் இராணுவத்துக்கும் தப்பி வந்தவர். முதலாளியும் எங்கள் ஆள், தேருக்கு உபயகாரர், ஊர்ச் சங்கத்துப் பொருளாளர். அப்படியிருக்கையில் 'எமது சமூகம்' என்று மேடையில் சொல்லப்படும்போது அண்ணையும் முதலாளியும் ஒரே சொல்லுக்குள் அடைபட்டுப் போகிறார்கள். சஞ்சிகையின் பெயரில் 'கிளாஸ்' என்ற சொல்லைச் சேர்த்தது ஏன் என்று எனக்கு விளங்கியது அந்தக் குசினியில்தான்.

சிவானந்தனைத் தமிழில் கொண்டுவர விரும்பும் நண்பர்கள் 1981இல் அவர் எழுதிய, எதிர்ப்பிலிருந்து கிளர்ச்சிக்கு என்று தலைப்பைத் தமிழாக்கக்கூடிய, நீண்ட கட்டுரையிலிருந்து தொடங்கலாம். கோட்பாடு குறைவு, நடந்தவை அதிகம். 1965இல் சவுத்ஹோல் றப்பர் தொழிற்சாலை, 1972இல் லவ்பரோ ஆடைத் தொழிற்சாலை, 1974இல் லெஸ்ரர் தட்டச்சுப்பொறித் தொழிற்சாலை எனத் தொழிற்சங்கமே கைவிட்ட இடத்திலும் ஆசியத் தொழிலாளர் நின்ற கதைகள். 1976 ஓகஸ்ற் முதல் 1978 யூலை வரை கிறன்விக் படத்தொழிற்சாலை வாசலில் சேலையோடு நின்ற ஜெயாபென் தேசாயையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வெம்பிளி பார்க்கிலிருந்து யூபிலி லைனில் வேலைக்குப் போகும் எம்மவர் தினமும் தாண்டும் டொலிஸ் ஹில்லுக்குப் பக்கத்தில்தான் அந்த வாசல் இருந்தது. மொழிபெயர்ப்பவர் பின்னிணைப்பாக 1987 ஹீத்ரோவையும் 1992 மேனர் பார்க்கையும் சேர்க்கட்டும். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். இரவு பஸ்ஸில் வெளிச்சம் காணாது.